சிதறல் விளக்கப்படத்தைப் படிப்பது எப்படி? அந்தமான் நிக்கோபார் கணக்கெடுப்பு எண்களைக் கொண்டு ஒரு பாடம்

நாளிதழின் வணிகப் பக்கத்திலும், சேமிப்புத் திட்டங்களின் கையேட்டிலும், பிள்ளைகளின் பாடநூலிலும் புள்ளிகள் நிறைந்த ஒரு படத்தை நாம் அடிக்கடி காண்கிறோம். கட்டங்களுக்கிடையே புள்ளிகள் சிதறிக் கிடக்க, அவற்றின் ஊடே ஒரு கோடு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ செல்லும். "இது கூடினால் அது கூடும்" என்று படத்தின் கீழ் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அந்த வரியை நம்பிக் கடன் வாங்குவோரும் முதலீடு செய்வோரும் உண்டு. ஆகவே, அப்படத்தைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்வது கணித மாணவர்க்கு மட்டுமன்றி, பணத்தைக் கையாளும் ஒவ்வொருவர்க்கும் தேவையாகும். இவ்விதழில் அதனை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களைக் கொண்டு பயில்வோம். எண்கள் குறைவு, அவை கற்றுத்தரும் பாடமோ நிறைவு.

இரண்டு மாறிகள், ஒரு புள்ளி

இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம், ஆளுக்கு ஆள் மாறும் அளவை மாறி என்கிறோம். வருமானம் ஒரு மாறி; சேமிப்பு இன்னொரு மாறி. ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் கிடை அச்சிலும் சேமிப்பைச் செங்குத்து அச்சிலும் குறித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் புள்ளி வைத்தால் அப்புள்ளி அக்குடும்பத்தைக் குறிக்கும். இவ்வாறு பல குடும்பங்களுக்குப் புள்ளி வைத்தால் கிடைப்பதே சிதறல் விளக்கப்படம்.

எல்லாத் தொடர்புகளும் சிதறுவதில்லை. ஆண்டுக்கு 7 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு 700 ரூபாய், 20,000 ரூபாய்க்கு 1,400 ரூபாய், 30,000 ரூபாய்க்கு 2,100 ரூபாய் என்று புள்ளிகள் யாவும் ஒரே நேர்கோட்டில் அமையும். அசல் தெரிந்தால் வட்டி தெரிந்துவிடும், ஐயத்துக்கு இடமில்லை. வருமானமும் சேமிப்பும் அவ்வாறல்ல. மாதம் 30,000 ரூபாய் பெறும் இரு குடும்பங்களுள் ஒன்று 4,000 ரூபாய் சேமிக்கலாம். மற்றொன்று 1,000 ரூபாய்கூடச் சேமிக்க இயலாதிருக்கலாம். வீட்டு வாடகை, மருத்துவச் செலவு, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவை இடையே புகுகின்றன. அதனால் புள்ளிகள் சிதறுகின்றன. சிதறலின் நடுவே ஒரு போக்கு உண்டா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1833ஆம் ஆண்டில் இரட்டை விண்மீன்களின் சுற்றுப்பாதையை ஆராய இத்தகைய படத்தைப் பயன்படுத்தினார். பின்னர் பிரான்சிஸ் கால்டன் பெற்றோரின் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, புள்ளியியலில் இம்முறைக்கு நிலையான இடத்தைத் தந்தது.

தீவுகளின் எண்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை, பத்தாண்டுக் கணக்கெடுப்புகளின்படி பின்வருமாறு:

1901: 24,649
1911: 26,459
1921: 27,086
1931: 29,463
1941: 33,768
1951: 30,971
1961: 63,548
1971: 1,15,133
1981: 1,88,741
1991: 2,80,661
2001: 3,56,152
2011: 3,80,581

வாசகர்கள் ஒரு கட்டத்தாளை எடுத்துக்கொள்ளலாம். கிடை அச்சில் ஆண்டையும் செங்குத்து அச்சில் மக்கள்தொகையையும் குறித்துப் பன்னிரண்டு புள்ளிகளை வைக்கலாம். புள்ளிகளை இப்போதைக்கு இணைக்க வேண்டா. படம் முடிந்ததும் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்போம்.

முதலாவது, திசை. இடமிருந்து வலமாகச் செல்கையில் புள்ளிகள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா? ஏறினால் நேரிடை ஒட்டுறவு; இறங்கினால் எதிரிடை ஒட்டுறவு; இரண்டுமின்றிப் பரவிக் கிடந்தால் ஒட்டுறவு இல்லை எனலாம். இங்கே புள்ளிகள் பொதுவாக ஏறுகின்றன.

இரண்டாவது, வடிவம். ஏற்றம் நேர்கோடா, வளைவா? இப்படத்தில் 1901 முதல் 1951 வரை புள்ளிகள் ஏறத்தாழத் தரையை ஒட்டியே செல்கின்றன. 1951க்குப் பின் செங்குத்தாக எழுகின்றன. 2001க்குப் பின் மீண்டும் தணிகின்றன. ஒரே நேர்கோட்டால் இதனை விளக்க இயலாது.

மூன்றாவது, நெருக்கம். புள்ளிகள் அவ்வடிவத்தை ஒட்டி நிற்கின்றனவா, அகன்று பரவியுள்ளனவா? ஒட்டி நின்றால் தொடர்பு வலுவானது. அகன்று நின்றால் வலுவற்றது.

நான்காவது, விலகல். மற்றவற்றின் போக்கோடு பொருந்தாத புள்ளி உண்டா? உண்டு. 1951ஆம் ஆண்டின் புள்ளி, 1941ஆம் ஆண்டின் புள்ளிக்குக் கீழே நிற்கிறது. நாற்பது ஆண்டுகள் மெல்ல ஏறிவந்த எண்ணிக்கை திடீரெனக் குறைந்துள்ளது.

விலகி நிற்கும் புள்ளியைக் கண்டதும் அதனைப் பிழையென்று அழித்துவிடுவது தவறு. முதலில் அதன் காரணத்தைத் தேட வேண்டும். 1942 மார்ச்சு முதல் 1945 அக்டோபர் வரை இத்தீவுகள் ஜப்பானியர் வசம் இருந்தன. 1858ஆம் ஆண்டில் தொடங்கிய தண்டனைக் குடியேற்றமும் போருக்குப் பின் முடிவுக்கு வந்தது. அடுத்து 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தன. முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பெரிய நிக்கோபாரில் குடியேறின. தமிழகத்திலிருந்தும் கேரளம், ஆந்திரம், சோட்டா நாகபுரி ஆகிய பகுதிகளிலிருந்தும் தொழில் நாடிப் பலர் வந்தனர். 1951ஆம் ஆண்டின் புள்ளி பிழையன்று. ஒரு வரலாறு முடிந்து இன்னொரு வரலாறு தொடங்கும் இடம் அதுவே.

கோட்டை நீட்டலாமா?

படத்தைப் படிப்போர் பெரும்பாலும் அடுத்துச் செய்வது, கோட்டை வலப்பக்கம் நீட்டி எதிர்காலத்தைக் கணிப்பதாகும். இதில்தான் பணமும் உழைப்பும் வீணாகும் வாய்ப்பு மிகுதி.

2001ஆம் ஆண்டில் ஒருவர் இத்தீவுகளில் கடை தொடங்கவோ, வாடகைக்கு விட வீடு கட்டவோ கடன் பெற எண்ணினார் எனக் கொள்வோம். 1981 முதல் 2001 வரை இருபது ஆண்டுகளில் மக்கள்தொகை 1,67,411 கூடியது. அதாவது பத்தாண்டுக்குச் சராசரியாக 84,000 பேர். இக்கோட்டை அப்படியே நீட்டினால் 2011ஆம் ஆண்டில் மக்கள்தொகை சுமார் 4,40,000 ஆகியிருக்க வேண்டும். உண்மையில் கணக்கெடுப்பில் கண்டது 3,80,581. வேறுபாடு ஏறத்தாழ 59,000 பேர். அத்தனை வாடிக்கையாளர்களும் குடியிருப்போரும் வருவார்கள் என்று நம்பிச் செய்த முதலீடு, வராதவர்களுக்காகக் காத்திருக்க நேரும். தவணை மட்டும் காத்திருக்காது.

மறுபக்கப் பிழையும் உண்டு. 1941ஆம் ஆண்டில் நின்றுகொண்டு, அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளின் கோட்டை ஒருவர் நீட்டியிருந்தால், 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகை ஐம்பதாயிரத்தை ஒட்டியே இருக்கும் எனக் கண்டிருப்பார். உண்மை அதனைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். தரவு உள்ள எல்லைக்குள் ஓர் இடைவெளியை நிரப்புவது ஒன்று. எல்லைக்கு அப்பால் கோட்டை நீட்டுவது வேறொன்று. முன்னது ஓரளவு நம்பத்தக்கது. பின்னது, இதுவரை நிலவிய சூழல் இனியும் நிலவும் என்ற எடுகோளின் மேல் நிற்பது.

2021ஆம் ஆண்டில் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றினால் தள்ளிப்போனதால், 2011க்குப் பிந்தைய எண்களைக் கோட்டை நீட்டியே பலரும் மதிப்பிட்டு வந்துள்ளனர். அத்தகைய மதிப்பீட்டைக் காணும்போதெல்லாம், "எந்தப் புள்ளிகளிலிருந்து நீட்டப்பட்ட கோடு இது?" என்று கேட்பது நம் கடமை.

அதே எண்கள், வேறு அச்சு

2001ஆம் ஆண்டில் நின்றவர் எச்சரிக்கையைக் காண வழியே இல்லையா? இருந்தது. அவர் மக்கள்தொகையைக் குறிக்காமல், ஒவ்வொரு பத்தாண்டிலும் அது எத்தனை சதவீதம் வளர்ந்தது என்று குறித்திருக்க வேண்டும்.

1951–61: 105.2 சதவீதம்
1961–71: 81.2 சதவீதம்
1971–81: 63.9 சதவீதம்
1981–91: 48.7 சதவீதம்
1991–2001: 26.9 சதவீதம்
2001–11: 6.9 சதவீதம்

முதற்படத்தில் ஏறிக்கொண்டே சென்ற அதே எண்கள், இப்படத்தில் படிப்படியாக இறங்குகின்றன. எண்ணிக்கை வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே வளர்ச்சி வேகம் தணிந்துகொண்டிருந்தது. கூடுதலான ஆட்களை மட்டும் பார்த்தாலும், 1981–91இல் 91,920 பேர் கூடியிருக்க, 1991–2001இல் 75,491 பேரே கூடினர். தணிவின் அறிகுறி 2001ஆம் ஆண்டிலேயே தெரிந்தது. செங்குத்து அச்சில் எதனை வைக்கிறோம் என்பது படத்தின் பொருளையே மாற்றிவிடும். ஒரு படத்தைக் காட்டுவோர் தமக்கு உகந்த அச்சைத் தேர்ந்தெடுக்கக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கூட்டுத்தொகைக்குள் மறைவது

2001க்கும் 2011க்கும் இடையே, 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தீவுகளைத் தாக்கியது. ஆகவே வளர்ச்சி குறைந்ததற்கு அதுவே காரணம் என்று சொல்லிவிடத் தோன்றும். இம்முடிவைச் சோதிக்கத் தீவுக் கூட்டங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

நிக்கோபார்: 1991இல் 39,208, 2001இல் 42,068, 2011இல் 36,842.
அந்தமான்: 1991இல் 2,41,453, 2001இல் 3,14,084, 2011இல் 3,43,739.

நிக்கோபாரின் மக்கள்தொகை 2001–11இல் 12.4 சதவீதம் குறைந்துள்ளது. ஒன்றியப் பகுதி முழுவதற்குமான எண் 6.9 சதவீத வளர்ச்சியைக் காட்டும்போது, அதற்குள் ஒரு தீவுக் கூட்டத்தின் பேரிழப்பு மறைந்து கிடக்கிறது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துத் திட்டமிடுவோர்க்கு இந்த இழப்பு கண்ணிற் படாது. வெவ்வேறு குழுக்களின் புள்ளிகளை வெவ்வேறு நிறத்தில் குறிக்க வேண்டும் என்று புள்ளியியல் ஆசிரியர்கள் வலியுறுத்துவது இதனாலேயே.

இனி அந்தமானைப் பார்ப்போம். அங்கும் வளர்ச்சி 30.1 சதவீதத்திலிருந்து 9.4 சதவீதமாகத் தணிந்துள்ளது. வளர்ச்சி வேகமோ 1951 முதலே ஒவ்வொரு பத்தாண்டும் குறைந்துவந்துள்ளது. ஆகவே ஆழிப்பேரலை ஒரு காரணமாகலாம். முழுக் காரணம் அதுவே என்று இவ்வெண்கள் சொல்லவில்லை.

சேர்ந்து ஏறுவன எல்லாம் காரணமும் விளைவும் அல்ல

இப்போது வேறு இரு மாறிகளை எடுத்துக்கொள்வோம். 1951 முதல் 2011 வரை தீவுகளின் எழுத்தறிவு விகிதம் முறையே 30.30, 40.07, 51.15, 63.19, 73.02, 81.30, 86.63 சதவீதமாகும். மக்கள்தொகையைக் கிடை அச்சிலும் எழுத்தறிவைச் செங்குத்து அச்சிலும் குறித்தால், ஏழு புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே கோட்டில் ஏறுகின்றன.

தொடர்பின் நெருக்கத்தை ஒரே எண்ணால் சொல்வதற்குக் கார்ல் பியர்சன் வகுத்த ஒட்டுறவுக் கெழு பயன்படுகிறது. அது கழித்தல் 1 முதல் கூட்டல் 1 வரை அமையும். கூட்டல் 1 எனில் முழுமையான நேரிடை ஒட்டுறவு. கழித்தல் 1 எனில் முழுமையான எதிரிடை ஒட்டுறவு. 0 எனில் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை. மேற்கண்ட ஏழு புள்ளிகளுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 0.99 வருகிறது.

இத்தனை வலுவான ஒட்டுறவைக் கண்டு, "மக்கள் கூடினால் எழுத்தறிவு தானே கூடும்" என்று சொல்லலாமா? கூடாது. இரண்டும் காலத்தோடு சேர்ந்து வளர்ந்தவை. அந்த அறுபது ஆண்டுகளில் குடியேற்றம் நிகழ்ந்தது, பள்ளிகளும் பெருகின. காலம் என்னும் மூன்றாம் மாறி இரண்டையும் ஒருசேர உயர்த்திச் சென்றது. 2001–11இல் நிக்கோபாரில் மக்கள்தொகை குறைந்தபோது, அதனால் அங்குள்ளோர் எழுத்தை மறந்துவிடவில்லை.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. எழுத்தறிவு விகிதம் 1971 வரை ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் கொண்டும், 1981 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் கொண்டும் கணக்கிடப்பட்டது. அளவுகோல் இடையில் மாறினால் புள்ளியின் உயரமும் சற்று மாறும். படத்தைப் பார்க்குமுன், "எதனை எவ்வாறு அளந்தனர்?" என்று கேட்பது நன்று.

கெழு மட்டுமே போதாது என்பதையும் அறிய வேண்டும். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியலாளர் 1973ஆம் ஆண்டில் நான்கு தரவுத் தொகுதிகளை அமைத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். நான்கிற்கும் கெழு ஏறத்தாழ 0.82. ஆனால் வரைந்து பார்த்தால், முதலாவதில் மட்டுமே இயல்பான சிதறல், இரண்டாவது வளைவு, மூன்றாவதில் நேர்கோட்டை ஒரு புள்ளி இழுத்துச் சாய்க்கிறது, நான்காவதில் ஒரே ஒரு புள்ளியால்தான் தொடர்பே தோன்றுகிறது. எண்ணைப் பார்க்குமுன் படத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு மாறி போதாதபோது

2004ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் தீவுகளின் நிலமட்டமே மாறியது. தெற்கு முனையான இந்திரா முனை, அங்குள்ள கலங்கரை விளக்கத்தோடு, நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அதற்கு வெகு வடக்கே உள்ள போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம், சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையிலோ நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு மேல் வந்தன. வடக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்தது குறைந்து, பின் உயர்ந்தது என்று இம்மூன்று இடங்களைக் கொண்டு முடிவு செய்யலாம்.

ஆனால் நான்காவது இடம் ஒன்றைச் சேர்ப்போம். வட சென்டினல் தீவு ஏறத்தாழப் போர்ட் பிளேரின் அட்சரேகையிலேயே உள்ளது. அது தாழவில்லை, ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை உயர்ந்தது. அட்சரேகை ஒன்றே, விளைவு நேர்மாறு. ஏனெனில் வட சென்டினல் மேற்கே, புவித்தட்டுகள் சந்திக்கும் கடலடி அகழிக்கு அருகில் உள்ளது. போர்ட் பிளேர் கிழக்கே தள்ளியுள்ளது. அகழியிலிருந்து உள்ள தொலைவு என்னும் மற்றொரு மாறியைச் சேர்த்தால்தான் விளக்கம் நிறைவுறும். மிகச் சில புள்ளிகளைக் கொண்டு வரைந்த கோட்டைப் புதிய புள்ளி ஒன்றே புரட்டிவிடும்.

நம் பணத்துக்கு இதனாற் பயன் என்ன?

ஒரு முதலீட்டுத் திட்டத்தின் படம் நம் முன் வைக்கப்படும்போது ஐந்து கேள்விகளைக் கேட்போம். அச்சுகளில் இருப்பவை எவை. அவை சுழியத்திலிருந்து தொடங்குகின்றனவா? எத்தனை புள்ளிகள், எந்த ஆண்டுகள் விடப்பட்டுள்ளன? விலகி நிற்கும் புள்ளி நீக்கப்பட்டதா? இரண்டையும் ஒருசேர இயக்கும் மூன்றாம் மாறி உண்டா? கோடு தரவின் எல்லைக்குள் நிற்கிறதா, அப்பால் நீள்கிறதா? இவற்றுக்கு விடை கிடைக்கும் வரை கையொப்பத்தை ஒத்திவைப்பதில் இழப்பேதுமில்லை.

வீட்டிலும் இதனைப் பயிலலாம். கணக்குப் புத்தகத்திலிருந்து பன்னிரண்டு மாதங்களின் செலவையும் சேமிப்பையும் எடுத்துப் புள்ளி வைத்துப் பாருங்கள். விலகி நிற்கும் மாதம் எதுவெனத் தெரியும். அது பள்ளிக் கட்டண மாதமா, திருவிழா மாதமா என்று கண்டுகொண்டால் அடுத்த ஆண்டு அதற்கெனத் தொடர்வைப்பு ஒன்றைத் தொடங்கலாம்.

பயிற்சி

1. எழுத்தறிவு விகிதம் 1951 முதல் 2011 வரை பத்தாண்டுக்குச் சராசரியாக 9.39 புள்ளிகள் உயர்ந்தது. இக்கோட்டை நீட்டினால் 2031இல் என்ன வரும்? அவ்விடை ஏன் பொருந்தாது?

2. கப்பல் தாமதமாகும் நாட்கள் கூடும்போது தீவின் சந்தையில் காய்கறி விலையும் கூடுவதாக ஒரு படம் காட்டுகிறது எனக் கொள்க. தாமதம் மட்டுமே காரணமா?

விடைகள்

1. 2031இல் ஏறத்தாழ 105.4 சதவீதம் வரும். நூற்றுக்கு நூறுக்கு மேல் எழுத்தறிவு இருக்க இயலாது. மேலும் கடைசி இரு பத்தாண்டுகளில் உயர்வு 8.28, 5.33 எனத் தணிந்துள்ளது. புள்ளிகள் ஏற்கெனவே வளையத் தொடங்கிவிட்டன. நேர்கோடு இங்குப் பொருந்தாது.

2. தாமதம் ஒரு காரணமாகலாம். ஆனால் கடல் கொந்தளிப்பதும் பெருமழை பெய்வதும் ஒரே பருவத்தில் நிகழ்வன. அதே மழை உள்ளூர்த் தோட்டங்களின் விளைச்சலையும் கெடுக்கக்கூடும். ஆகவே மழை என்னும் மூன்றாம் மாறியையும் கருத வேண்டும். மழையற்ற மாதங்களில் கப்பல் தாமதமான நாட்களைத் தனியே பிரித்து, வேறு நிறத்தில் குறித்துப் பார்த்தால், தாமதத்தின் பங்கு எவ்வளவு என்பது தெளிவாகும்.